என் பாசிமணியில் ஓடிய ரயில்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நான் சித்தி வீட்டுக்குப் போறேன். போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.

காணாமப் போன என் நீலப் பாசிமணி மாலை கிடைச்சிடுச்சு. காலைல தூசி தட்டும்போது உங்க பொம்மை ரயில் பெட்டி ஒண்ணு, லேசா கை பட்டதுக்கே மேஜையோட அந்தக் கோடி வரைக்கும் வழுக்கிட்டுப் போச்சு. என்னடா இதுன்னு திருப்பிப் பார்த்தா, ஒவ்வொரு சக்கரத்தோட அச்சு முனையும் என் பாசிக்குள்ள சுத்துது! பேரிங் செய்ய உங்களுக்கு என் கழுத்துதான் கிடைச்சுதா?

ஒரு மாசமா வீட்டையே தலைகீழாக்கித் தேடினேன். நீங்க பேப்பர்லேருந்து தலையைக்கூடத் தூக்காம, "எங்கயாவது வெச்சிருப்ப, நல்லாத் தேடு"ன்னு சொன்னீங்க. நான் பக்கத்து வீட்டு அக்காவைச் சந்தேகப்பட்டு, அவங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசறதையே விட்டுட்டேன்.

பாசியெல்லாம் பிடுங்கி, கோத்து, கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் கிளம்பறேன். ரயில் ரூமைப் பூட்டிட்டேன். சாவி அந்த அக்காகிட்ட இருக்கு. நடந்ததை உங்க வாயால சொன்னாத்தான் தருவாங்க.

சாயங்காலம் உங்க ரயில் கூட்டாளி வர்றாராமே, ஒரே தள்ளுல ஓடுற அழகைப் பார்க்க? பெட்டியெல்லாம் அந்த ரூம்ல மேஜை மேலதான் இருக்கு. சக்கரம்தான் இல்லை. வீட்டுக்குள்ளதான் எங்கயாவது வெச்சிருப்பேன், நல்லாத் தேடுங்க.

டீ பிளாஸ்க்ல இருக்கு. அது அவருக்கு மட்டும்.

இன்னொண்ணு, சாப்பிடும்போது கொஞ்சம் பார்த்து மெல்லுங்க.