சாமி என்று கூப்பிட்டதற்கு விளக்கம்

மல்லசமுத்திரம்,
14-9-1984.

அன்பு மகன் குமாரசாமிக்கு அப்பா சின்னண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அதேபோல நீயும் அந்தத் தூர தேசத்தில் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஜாம்பியாவிலிருந்து நீ போட்ட கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. உன் அம்மா பொன்னாத்தாள் மாவுக்கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, படிங்க படிங்க என்று அவசரப்படுத்தினாள். முதல் இரண்டு பக்கம் சிரித்துக்கொண்டு கேட்டவள் மூன்றாவது பக்கத்தில் முந்தானையால் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

அந்த முதல் இரண்டு பக்கத்தை நான் இதுவரை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. புதிதாக ஆரம்பித்த கிறிஸ்தவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கட்டடம் பாதிதான் எழும்பியிருக்கிறது, குடிக்கத் தண்ணீர் வாரம் ஒரு தரம் லாரியில் வருகிறது, அப்படிப்பட்ட இடத்தில் யாரோ சுரங்கக்காரர்கள் போட்டுவிட்டுப் போன துருப்பிடித்த, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கை நீயும் உன் நாற்பது மாணவர்களும் மூன்று மாதம் கழற்றி மாட்டி ஓட வைத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினால் மறந்துவிடுவார்கள், கையில் கிரீஸ் ஒட்டினால்தான் மறக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய் பார், அதைத் திருச்செங்கோட்டில் ரிக் பட்டறை வைத்திருக்கும் நம் மிக்கேலிடம் படித்தேன். அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏனுங்க, நம்ம ஊர்ல ரிக் ஓட்டறவன் ஆயிரம் பேர் இருக்கறானுங்க, அதையே பாடமா நடத்தறவன் உங்க மகன் ஒருத்தன்தானுங்க என்றான். அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி மூன்றாவது பக்கத்துக்கு வருகிறேன். அங்கே உன்னை எல்லோரும் மிஸ்டர் சாமி என்கிறார்கள், நீயோ மாணவர்களை நம் வழக்கப்படி வா சாமி, பிடி சாமி என்கிறாய், ஏன் சார் எங்களையெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள் என்று போன வருடமே எழுதியிருந்தாய், நாங்களும் சிரித்தோம். அது இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது. இருநூற்று முப்பதாவது அடியில் தண்ணீர் பீச்சி அடித்தபோது, வந்துருச்சு சாமி என்று நீ கத்தியிருக்கிறாய். பையன்களும் சேற்றில் குளித்துக்கொண்டு சாமி சாமி என்று உன்னைச் சுற்றிக் குதித்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா திருச்சபைப் பெரியவர்கள் காரில் வந்து இறங்க வேண்டும். கடைத்தெருக் குஜராத்திக்காரரிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள், அவர் கடவுள் என்று சொல்லியிருக்கிறார். மாணவர்களை வேறு தெய்வத்தைக் கும்பிட வைத்தாயா என்று அடுத்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அந்தச் சொல் வாய்தவறி வந்துவிடுமோ என்று வகுப்பில் பேச்சே வரவில்லை, விளக்கம் எழுதக் கை கூசுகிறது, ராஜினாமா கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதுதான் எங்களை உட்கார வைத்துவிட்டது. இரண்டு நாள் உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே, வர்றதுன்னா பெருமையா வரட்டும், இந்தப் பழிக்குப் பயந்துக்கிட்டு வர வேண்டாம், நீங்க போயி யாரையாச்சும் பாருங்க என்றாள்.

எனக்கு யாரைத் தெரியும். மிக்கேலைக் கேட்டேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சவரியார் என்று ஒரு பாதிரியார் இருக்கிறார், நம் பக்கத்து ஆள்தான், இங்கிலீஷில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று மிக்கேல் கூடவே கிளம்பிவிட்டான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆட்டையாம்பட்டியில் இறங்கிக் கைமுறுக்கு வாங்கிக்கொண்டேன். பாதிரியார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவர் எட்டிப் பார்த்து, ஏனுங் சாமி வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க என்றார். இருக்கட்டுங்க சாமி என்றேன் நான். முறுக்கைக் கொடுத்தேன், எதுக்குங் சாமி இதெல்லாம் என்றார், சும்மா சாப்பிடுங்க சாமி என்றேன். மிக்கேல் டீ கொண்டுவந்து வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக, ஆறுதுங் சாமி என்றான். அதற்குப் பிறகுதான் நான் உன் கடிதத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். நாம மூணு பேரும் இந்நேரத்துக்குள்ள எத்தனை தரம் சாமி சொல்லியிருப்போம், அந்தப் பெரியவங்க பார்த்திருந்தா நமக்கும் விளக்கம் கேட்டிருப்பாங்க என்றார்.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஒன்று சொன்னார். என்னைப் பெத்தவ என்னையச் சாமின்னுதான் கூப்பிடுவா, நான் குருப்பட்டம் வாங்கின அன்னைக்கும் வா சாமி, சோறு உங்கலாம்னு கூப்பிட்டா, சுத்தி நின்னவங்க பட்டத்துக்குக் குடுத்த மரியாதைன்னு நெனச்சாங்க, அவ மகனைக் கூப்பிட்டா, அவ்வளவுதான் என்றார். அதைத்தான் இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். யாரைத் தாழ்த்திப் பேச எங்களுக்கு ஒருபோதும் மனம் வராதோ அவரை எங்கள் பக்கத்தில் இப்படிக் கூப்பிடுவோம், பெரியவரையும் குழந்தையையும் ஒரே சொல்லால் கூப்பிடுவோம், ஓர் ஆசிரியர் தன் மாணவர்களை இப்படிக் கூப்பிட்டால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருப்பதாகத் தமிழில் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிதத்தை ஒட்டும்போது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், நீங்க மகனை எப்படிங்க கூப்பிடுவீங்க என்று. ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

குமாரசாமி, அவரிடம் சொல்லாத அந்தப் பதிலை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நீ இந்த வேலைக்குக் கிளம்பியபோது, நம் சனத்தை விட்டு, கோயிலை விட்டு, அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டுமா என்று நான் கத்தினேன். சேலம் ஜங்ஷனில் ரயில் கிளம்பியபோது நீ என் முகத்தையே பார்த்தாய், நான் போ என்று மட்டும் சொன்னேன். வீட்டை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போகிறவனிடம்கூட யாரும் வெறும் போ சொல்ல மாட்டார்கள். அன்றையிலிருந்து இந்த ஒன்றேமுக்கால் வருடமாக எல்லாக் கடிதத்திலும் உன்னைப் பெயர் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன், இந்தக் கடிதத்தின் மேலேயும் பார். உன் அம்மா கவனித்தாள், கேட்கவில்லை. நீயும் கவனித்திருப்பாய். நான் வீம்புக்கு நிறுத்திய சொல்லை நீ கண்காணாத ஊரில் நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். உன்னைவிட நான்தான் சின்னவனாக நடந்துகொண்டேன்.

ஆகையால் ராஜினாமா எழுத வேண்டாம். பாதிரியார் கடிதத்தோடு உன் விளக்கத்தையும் தலைநிமிர்ந்து எழுதிக்கொடு. அவர்களுக்கும் மரியாதையாக எழுது, அவர்கள் இடத்தில்தான் உனக்கு வேலை கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர்கள் ஒப்பவில்லை என்றால் வா, வீடு இருக்கிறது, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் அதுவரை வகுப்பில் வாயை மூடிக்கொண்டு நிற்காதே. இங்கே குச்சிக்கிழங்கு நன்றாக இறங்கியிருக்கிறது, சிவப்புக் கிடாரி சினையாக இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே என்று உன் அம்மா மூன்று தரம் சொல்லிவிட்டாள், கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டுமாம், சொந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கொழுப்பாகப் பச்சையாகக் குடிக்காதே. அந்த நாற்பது பிள்ளைகளும் நீயும் நீடூழி வாழ வேண்டும். தண்ணீர் வந்த இடத்தில் எடுத்த படம் இருந்தால் ஒன்று அனுப்பு, பாதிரியாருக்கும் காட்ட வேண்டும்.

அன்றைக்கு ஜங்ஷனில் பாதியில் விட்டதை இப்போது முழுதாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். போயிட்டு வா சாமி.

உன் அப்பா,
சின்னண்ணன்