பக்கத்து மனைக்காரரின் ஆட்சேபணை

மார்ச் 4, செவ்வாய்

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இன்று ஆன்லைனில் மனுப் போடுவதற்காக முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, பெல்ட் கட்டி, ஷூவும் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். நகராட்சி என்றால் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? திரையில் நகராட்சி முத்திரை தெரிந்ததும் கை தானாக எழும்பி ஒரு வணக்கம் வேறு வைத்துவிட்டது.

மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"நகராட்சிக்கு."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க?"

விஷயம் இதுதான். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. எங்கள் வீட்டில் ஓர் ஆள் தனியாக உட்கார முடிகிற இடம் குளியலறை ஒன்றுதான். அவள் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து மேலதிகாரியோடு பேசுகிறாள். நேற்றுக் கூட்டத்தில் அவர், "யாராவது கருத்துச் சொல்லணுமா?" என்று கேட்டாராம். எங்கள் குக்கர் சொல்லிவிட்டது.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "மாடியில ஒரு ரூம் போட்டா இங்கயே இருக்கேன்பா. இல்லன்னா ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து வீடு பாத்துக்கறேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள், அப்பளம் கேட்கிற மாதிரி. எனக்குத்தான் அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்

மனு போயிற்று!

வீட்டுச் சாமான்களோடு அட்டைப் பெட்டிக்குள் வருமே, வழிகாட்டிப் புத்தகம், அதை எழுதிப் பிழைக்கிறவன் நான். 'பயன்படுத்தும் முன் முழுவதும் படிக்கவும்' என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் எழுதிவருகிறேன். இன்று நகராட்சி கொடுத்த வழிகாட்டியைப் படிக்காமலே 'படித்தேன், புரிந்தது, சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கினேன். என் வாசகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசியில் ஒரு வரைபடம் வந்தது. தெரு முழுக்க ஆகாயத்திலிருந்து எடுத்த படம். 'உங்கள் மனையைத் தொட்டுக் காட்டவும்.' எல்லாம் மொட்டை மாடிகள்! அதில் ஒரு மாடி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக, ஓரத்தில் பூந்தொட்டிகளோடு இருந்தது. நம் வீடு மேலேயிருந்து பார்க்க இவ்வளவு லட்சணமா என்று நெஞ்சு விம்மிவிட்டது. உடனே தொட்டேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் படம் மறைந்து அடுத்த பக்கம் வந்துவிட்டது.

சாயங்காலம் சுவருக்கு மேலாக எட்டி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். நல்ல மனிதர். தலைக்கு மை பூசுவது யாருக்கும் தெரியாது என்று நம்புகிறார். பல்லைக் குடையும்போது மெஷின் எந்தச் சுருதியில் ஓடுகிறதோ அதே சுருதியில் முனகுவார். "ரூம் வருதா? வரட்டும் வரட்டும்" என்றார். முகத்தில் என்னவோ ஒரு கலக்கம். பொறாமையாக இருக்குமோ?

மார்ச் 10, திங்கள்

பதிலே இல்லை. ஆபீசுக்குப் போகிற வழியில் நகராட்சிக்கே போய்ப் பார்த்தேன். ஃபைல் வாங்குகிற ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா இப்போது வாசலில் நிற்கிறார். "ஆன்லைன்ல பாருங்க சார்" என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. அதே அலுப்பு, அதே அதட்டல். ஜன்னல்தான் போயிற்று, குமாஸ்தா முழுசாக இருக்கிறார்.

என்மேல் இரக்கப்பட்டு ஒரு ரகசியம் சொன்னார். "பொதுச் சுவரை ஒட்டி ரெண்டு பக்கமும் மாடி ரூம் போட விடமாட்டாங்க சார். யாருது முதல்ல பாஸாகுதோ அவங்களுக்குத்தான். முந்திக்கிட்டீங்கன்னா தப்பிச்சீங்க."

நான்தான் முந்திவிட்டேனே!

மார்ச் 12, புதன்

துரோகம். துரோகம்!

மத்தியானம் நகராட்சியிலிருந்து போனுக்குச் செய்தி: 'உங்களை அடுத்துள்ள மனையில் மாடி அறை கட்ட விண்ணப்பம் வந்துள்ளது. ஆட்சேபணை இருப்பின் இங்கே தெரிவிக்கவும்.' பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? எங்களுக்கு ஒரு பக்கம் தெரு, இன்னொரு பக்கம் பல் டாக்டர். தெருவா மாடி கட்டப் போகிறது?

அன்றைக்குச் சுவருக்கு மேலே பார்த்த கலக்கத்துக்கு அர்த்தம் இப்போது புரிகிறது. என் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக மனுப் போட்டிருக்கிறார் மனிதர். பிடுங்குவது தொழில்தானே அவருக்கு! அவருடையது முதலில் பாஸானால் என் பெண்ணுக்கு ரூம் இல்லை. ரூம் இல்லை என்றால் பெண்ணும் இல்லை.

உட்கார்ந்தேன், எழுதினேன். வெளிச்சம் மறையும், காற்று அடைபடும், பல் சிகிச்சைக்கு வருகிறவர்களின் வண்டிகள் ஏற்கெனவே தெருவை அடைக்கின்றன, விண்ணப்பதாரர் எப்போதும் முனகுகிற சுபாவம் உள்ளவர், வயதை மறைப்பதில் கைதேர்ந்தவர், ஆகவே அவர் தருகிற எந்த அளவையும் நம்புவதற்கில்லை. மிக்ஸி, கிரைண்டர் என்று எழுதியே பாழாய்ப்போன கை. இப்படி ஒரு நடை எனக்குள் இருந்ததென்று எனக்கே தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

கடவாய்ப் பல் வலிக்கிறது. பார்த்துக்கொள்வோம்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன துணிச்சல்! என் மனுவுக்கு அவர் ஆட்சேபணை தெரிவித்திருக்கிறார். முழு எழுத்தையும் காட்டமாட்டார்களாம், சாரம் மட்டும் அனுப்புகிறார்கள்: '1. வெளிச்சம், காற்று. 2. விண்ணப்பதாரரின் பல் மருத்துவத் தொழிலால் வாகன நெரிசல். 3. விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மை, முனகல் உள்ளிட்ட நடத்தை.'

நான் படித்ததைக் கேட்டுவிட்டு மனைவி கேட்டாள், "நீங்க எப்ப பல் டாக்டரானீங்க?"

"அதான் பாரேன்! அவர் பண்றதையெல்லாம் நான் பண்றதா எழுதியிருக்கார். தான் கள்ளன் பிறரை நம்பான்னு கேள்விப்பட்டதில்லையா? அந்த ஜாதி மூளை. எங்க பாத்தாலும் பல்லாத்தான் தெரியும்."

"அவர் அப்படிப்பட்ட ஆளா தெரியலையேங்க."

பெண்களுக்கு டாக்டர் என்றால் ஒரு இளக்கம்.

பதில் எழுதினேன்: 'என் வாழ்நாளில் ஒரு பல்லையும் பிடுங்கியதில்லை. ஆட்சேபித்தவர் தம் முகத்தையே கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். படித்தவர் எழுத்தாகவே இல்லை. பொறாமை தவிர அதில் ஒரு சரக்கும் கிடையாது.' அனுப்பியதும் உடம்பே லேசாயிற்று. பல் மட்டும் இன்னும் கனத்தது.

மார்ச் 19, புதன்

காலையில் வாசலில் டாக்டர் எதிர்ப்பட்டார். "என்ன சார், கன்னம் வீங்கியிருக்கு? வாங்க, பாத்துடறேன்" என்றார். நடிப்பு! வெறும் வெற்றிலைப் பாக்கு என்று சைகை காட்டிவிட்டு நடந்தேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மார்ச் 21, வெள்ளி

பல்வலிக்காக லீவு. பகலில் வீட்டில் இருந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. பதினோரு மணி வாக்கில் மகள் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா?"

"வேலைக்குப்பா."

"வீட்டுல இருந்து பாக்கற வேலைன்னு சொன்னே?"

"எந்த வீடுன்னு அவங்க சொல்லலையே." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சமையலறை மூலையைப் போய்ப் பார்த்தேன். அவள் நாற்காலிமேல் வெங்காயக் கூடை உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நாளாக இப்படி? வீடு பார்க்கத்தான் போகிறாளோ? சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பெட்டியோடு நின்றுவிட்டால்? ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரியதா, இல்லை இன்றைக்குத்தான் கேட்கிறதா? கூடையைத் தூக்கிக் கீழே வைத்தேன். சும்மாதான்.

வெளியே டாக்டர் வீட்டில் மெஷின் ஓடியது. கூடவே அந்த முனகல். இந்த ஆளால்தானே எல்லாம்!

மார்ச் 26, புதன்

விசாரணை. வீடியோவில். இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

திட்ட அதிகாரி ஒரு மேடம். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. "விண்ணப்பதாரர் இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன், ஒரு பக்கத்து வாயால். "ஆட்சேபணை கொடுத்தவர்?" சத்தமில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்துக்கு நேரே வர முதுகெலும்பு இல்லை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் சார். அவருக்கு போன் பண்ணிப் பாக்கறேன்" என்றார் மேடம்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. எவனோ கடன் வேணுமா என்று கேட்கிறவனாக இருக்கும். கட் செய்தேன்.

"கட் பண்ணிட்டார் சார்" என்றார் மேடம்.

"அப்படித்தான் மேடம், பயந்தாங்கொள்ளி."

"இன்னொரு தடவை பாக்கறேன்." என் போன் மறுபடி அடித்தது. கோபத்தில் எடுத்து, "வேணாங்க, வேலையா இருக்கேன்!" என்று கத்தினேன். என் கத்தல் போனிலிருந்து மேடம் காதுக்குப் போய், அங்கிருந்து திரைவழியாக எனக்கே திரும்பி வந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"சார்... ஆட்சேபணை கொடுத்தவரும் நீங்கதானா?"

அப்புறம் வரைபடத்தைக் காட்டினார். நான் தொட்டிருந்தது டாக்டர் மாடி. அந்த வெள்ளை வெளேர் மாடி, பூந்தொட்டிகள், எல்லாம் அவருடையது. எங்கள் மாடி பக்கத்தில் இருந்தது: ஓட்டை பக்கெட், உடைந்த கட்டில், காய்ந்துகொண்டிருக்கும் என் பனியன். டாக்டர் மனையில் ரூம் கட்ட நானே மனுப் போட்டு, அடுத்த மனைக்காரன் என்பதால் நகராட்சி என்னையே கருத்துக் கேட்டு, என்னை நானே ஆட்சேபித்து, எனக்கு நானே பதில் கொடுத்து... படித்தவர் எழுத்தாகவே இல்லை என்றும் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

"மனுவை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

"ஆட்சேபணை நிலுவையில இருந்தா மனுவை வாபஸ் வாங்க முடியாது சார், சிஸ்டம் விடாது. முதல்ல ரெண்டு தரப்பும் சமாதானமாயிட்டதா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஏத்துங்க." முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கென்றே பிறந்த பெண்.

மார்ச் 27, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பதாரராக ஒன்று, ஆட்சேபணைக்காரராகக் கொஞ்சம் சாய்த்து இன்னொன்று. மனைவி கட்டிலில் விழுந்து சிரிக்கிறாள். எழுந்திருக்கப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி விழுகிறாள். மகள் இரண்டு தரப்பு எழுத்தையும் வரி விடாமல் படித்தாள்.

"ரெண்டு பேருமே நல்லா எழுதியிருக்கீங்கப்பா."

புது மனு போட்டு ரூம் எழும்ப ஆறு மாதமாவது ஆகும். அதுவரைக்கும் இருப்பாயா என்று கேட்க வாயெடுத்தேன். வாய் திறக்கவில்லை. பல்வலியா, பயமா என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 31, திங்கள்

தூங்கவில்லை. கன்னம் பன் மாதிரி. மானமா, பல்லா?

ஏப்ரல் 1, செவ்வாய்

பல்.

டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, அதன்பிறகு பேச ஆரம்பித்தார். அவருடைய தொழில்முறையே அதுதான்.

"என்மேல என்ன கோபம்னு உங்க வீட்டுல சொன்னாங்க. போகட்டும் விடுங்க சார். பொண்ணு இருக்காளேன்னு நானும் கண்டுக்கல."

"ங்ஆ?"

"மேலதான் இருக்கா. மாடியில பின்பக்கம், மாமரத்துக்கு அடியில மறைஞ்ச மாதிரி ஒரு சின்ன ரூம் இருக்கு, அதுல. நீங்க மனுப் போட்ட மறுநாளே வந்து கேட்டா. 'எங்கப்பா மனுப் போட்டிருக்கார் அங்கிள், அதனால ரொம்ப நாளாகும், அதுவரைக்கும் இங்க உக்காந்துக்கவா'ன்னா. இப்ப பழகிப்போச்சாம். வேற வீடெல்லாம் பாக்கலையாம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்? உங்க வீட்டம்மாதான் தினம் நாலு மணிக்கு டீ கொண்டுவர்றாங்க."

மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மகள் யாரிடமோ கணீரென்று, "இல்ல சார், இங்க எந்தச் சத்தமும் இல்ல, நீங்க பேசுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசியால்தான். டாக்டரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார், பஞ்சால் துடைத்துவிட்டார்.

கையைப் பிடித்துக்கொண்டு, பஞ்சுக்கு நடுவே மன்னிப்பு மாதிரி எதையோ குழறினேன். அவர் கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார். அந்த நகராட்சிக்காரங்களை மட்டும் இந்தப் பக்கம் வர வெச்சிடாதீங்க. மேல இருக்கிற ரூமுக்கு நான் அனுமதியே வாங்கல."