அடம்பனிலிருந்து வராத எக்ஸ்ரே படம்

செவ்வாய், இரவு. மன்னார்.

ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்க்கும் எனக்கு இன்று காலையும் அதே தொல்லை. அடம்பன் கிளினிக்கிலிருந்து நோயாளியின் பெயர் எங்கள் கிளவுட் சேர்வருக்கு உடனே வந்துவிட்டது. எக்ஸ்ரே படம் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மூன்று நாளாக, வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வோலின் விதிகளை மாற்றி மாற்றி எழுதி அலுத்திருந்தேன். காலையில் அங்கிருந்து அழைத்த தாதி மெற்றில்டா அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"உங்கட இன்டர்நெட்தான் பிழை, அக்கா."

"அப்ப நான் படத்தைக் கையில கொண்டு வாறன், தம்பி. படம் எடுத்த ஐயாவுக்கு மூச்சு முட்டுது. மன்னார் டொக்டர் இண்டைக்கே பாக்கோணும்."

அவர் பஸ் ஏறிய பிறகுதான் ஃபயர்வோலை முழுதாக நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் படம் வரவில்லை. அப்படியென்றால் குற்றம் அதில் இல்லை. சேர்வரின் நெட்வேர்க் கார்டு, வரும் சிறு துண்டுகளைத் தானே ஒட்டிப் பெரிதாக்கும்; அளவு மீறிய துண்டுகள் உள்ளே கைவிடப்பட்டிருக்கலாம், பெயர் ஒரே சிறு துண்டு என்பதால் தப்பியது. ஒஃப்லோடிங் என்ற அந்த வசதியை ஒரு வரிக் கட்டளையால் அணைத்தேன். கிளினிக் கணினி மறுபடி அனுப்பிய படம் முழுதாக வந்து சேர்ந்தது.

மத்தியானம் அக்கா அழைத்தார்.

"டொக்டர் பாத்திட்டார், தம்பி. ஐயாவுக்கு மருந்து துவங்கியாச்சு. லைன் சரிவந்திட்டுதோ?"

"ஓம், அக்கா."

பிழை என் பக்கம்தான் என்று சொல்லியிருக்கலாம். வெயிலில் அலைந்தவர் அவர். அவரே எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.