பையின் கீழே போட்ட பெயர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? இது நானே எழுதும் முதல் கடிதம். சிரிக்காதே, ஒரு வரிக்கு அரை மணி ஆகிறது.

நேற்று, பை தைத்து விற்கும் எங்கள் கடையை ஆன்லைனில் திறந்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார நேரமில்லை. நான் தைத்த பையின் படத்தைத் திரையில் காட்டி, "பாருங்க பெரியவரே, சொன்ன மாதிரியே தைச்சவர்னு உங்க பேரைப் போட்டாச்சு" என்றார் முதலாளி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவருடைய மருமகன் பெயர் இருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனிதர்! நான் படிக்கக் கற்றது முதலாளிக்குத் தெரியாது. "நல்லா இருக்குங்க" என்றேன். நெஞ்சு ஆறவில்லை. ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன், பார்த்தாயா!

பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. உறையின்மேல் என் பெயரை நீயே எழுது. வாயால்தான் சொல்ல மாட்டாய், கையால் எழுதலாம். அங்கேயாவது இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்