புகை போன கரி

அக்கா,

இன்று மத்தியானம் அஜ்மானில் உங்கள் மகளின் அறைக் கதவு திறந்ததும் கரி நெருப்பின் வாசனை வந்தது. என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

அவள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. கூட இருக்கும் பெண் டூட்டிக்குப் போய்விட்டாள், லீவுதானே, வாருங்கள் சித்தி என்று கூப்பிட்டிருந்தாள். அந்தச் சின்ன அறையை எவ்வளவு கதகதப்பாக வைத்திருக்கிறாள் தெரியுமா! ஓடாத ஏசியை அட்டையால் மூடிப் போர்வை சுற்றியிருக்கிறாள். சன்னல் இடுக்கெல்லாம் டேப். கதவுக்கடியில் சுருட்டிய துண்டு. தரையில் பழைய கார்ப்பெட், அதன் நடுவே பலகை போட்டு, அலுமினியச் சட்டியில் செக்கச்செவேலென்று கரி.

"உக்காருங்க சித்தி. சூடா இருக்குல்ல? காலையிலருந்து தலதான் லேசா வலிக்குது, குளிர் புடிச்சிருச்சு போல" என்று சிரித்தாள். அசல் உங்கள் சிரிப்பு.

துபாயில் குளிரா என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள். டைல்ஸ் தரையில் கால் வைக்க முடியாமல் நாம் தவித்தது அவர்களுக்கு எங்கே தெரியும்? துபாய் சத்வாவில், முன்பின் தெரியாத நாம் இருவரும் சேர்ந்து தங்கிய அறையில் நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு கிடப்பேன். நீங்கள் மொட்டை மாடியில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கியதும் சட்டியோடு தூக்கி வருவீர்கள். "தேயிலத் தோட்டத்துல பொறந்தவளுக்குக் குளிரப் பத்திச் சொல்லித் தரணுமா? புகை போன கரி ஒண்ணும் செய்யாது புள்ள" என்பீர்கள். எனக்குத் தலை வலிக்கும். எழுந்து போய்ச் சன்னலைத் திறப்பேன். "சூடெல்லாம் ஓடுது, சாத்து!" என்று கத்துவீர்கள். அந்தச் சன்னலுக்காக நாம் போடாத சண்டை இல்லை.

ஒரு குளிர்காலத்தில் நான் லீவில் ஊருக்குப் போனேன். சன்னலைத் திறக்க ஆளில்லை. திரும்பி வந்தபோது நீங்களும் இல்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை, அக்கா. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய உங்கள் லயத்து வீட்டில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று வந்து போகும். அங்கே அந்தச் சட்டி உங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. நாலு பக்கமும் அடைத்த கான்கிரீட் அறையும் அதுவும் ஒன்றா? எவ்வளவு கெட்டிக்காரி நீங்கள்! உங்களுக்கு இது தோன்றாமல் போனதே.

துண்டால் பிடித்துச் சட்டியைத் தூக்கி வெளியே படிக்கட்டில் கொண்டு வைத்தேன். சன்னல் டேப்பைப் பிய்த்து எறிந்தேன். உங்கள் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சித்தி செய்றீங்க? அம்மா குளிர் தாங்காமத்தானே செத்தாங்க? நானும் அப்படிச் சாகணுமா?"

அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். யாரோ போனில் சொன்ன செய்தி வாய்க்கு வாய் மாறி, உங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது குளிரில் செத்தாள் என்று ஆகியிருக்கிறது. அதை நம்பித்தான் இந்தப் பெண் ஓர் இடுக்கு விடாமல் அடைத்திருக்கிறாள்.

சொல்லிவிட்டேன், அக்கா. குளிர் இல்லை, கரிதான் என்று சொன்னேன். அடைத்த அறையில் கரி விடுகிற விஷக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று, ஊரிலிருந்து திரும்பி வந்து விசாரித்தபோது ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப அம்மாவுக்குக் குளிரலையா சித்தி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. குளிரல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நீங்கள் நடுங்கி நடுங்கிச் செத்ததாகவே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் பாவிமகள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஆனாலும் உங்கள் மேலுள்ள கோபத்தை நான் விடப்போவதில்லை, அக்கா. உங்கள் பெண் இந்த ஊரில் இருக்கும்வரை, அவள் சன்னலைத் திறந்து வைக்க அது எனக்கு வேண்டும்.