கை காட்டிவிட்டு வைத்த வெடி

மீசையைத் தடவிக்கொண்டே சண்டை பிடிக்கிற என் அன்பான ஐயாவுக்கு,

நீங்கள் ஒரு தமிழ் எழுத்தும் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இத்தாலியனில் எழுதினால் நீங்கள் எழும்பி வந்து என் பிழைகளைத் திருத்துவீர்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் வரமாட்டீர்களே. நீங்கள் என்னோடு கதைத்ததெல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், குறை நினைக்காதேங்கோ.

நீங்கள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? உங்கள் வயதுக்கு என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிட வேணும் என்று சொன்னேன். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளே போதும் என்னை அதட்ட. தங்கச்சி எண்டால் என்ரை சொல்லுக் கேப்பாள்" என்றீர்கள். நான் உங்களை ஐயா என்பதும், நீங்கள் என்னைத் தங்கச்சி என்பதும் எந்த ஊர் முறைக்கும் பொருந்தாது. லிபெர்த்தா வீதியில், உங்களைப் பார்க்க நான் வேலைக்கு வந்த அந்தப் பெரிய வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் வைத்ததுதான் சட்டம். நான் உங்கள் சொல்லைக் கேட்டேனா என்பது வேறு கதை.

உங்களை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தச் சாப்பாட்டு மேசைதான். ஒரு செப்டம்பர் மாதம், நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்க வந்தால், மேசையில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். ஸ்வீடனில் இருந்த உங்கள் பழைய சிநேகிதர் ஒக்டோபரில் எல்க் வேட்டைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார். நீங்கள் புத்தகத்தைத் திறந்து அந்த மிருகத்தின் படத்தைக் காட்டினீர்கள். பார்த்தவுடன் நான், "இது எங்கட மரை எல்லோ" என்றேன். வன்னிக் காட்டு மரையை விட இது எவ்வளவோ பெரிது, கொம்பும் வேறு மாதிரி என்று நீங்கள் விளக்கியும், எனக்கு அது கடைசி வரைக்கும் மரைதான்.

"எதைக் கொண்டு போறது, தங்கச்சி?" என்று கேட்டீர்கள்.

"எனக்கு உதெல்லாம் தெரியாது ஐயா. முதல்லை கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

நீங்கள் கழுவவில்லை. இரண்டு பெட்டியிலும் ஒவ்வொரு தோட்டாவை எடுத்து நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினீர்கள். ஒன்றின் சன்னம், அதுதான் பறந்து போய்ப் படுகிற குண்டு, இலேசானது. வேகமாகப் போகும், தோளில் அதிகம் உதைக்காது. ஆனால் மரையின் தோள் எலும்பில் பட்டால் சிதறிப்போகலாம், மிருகம் காயத்தோடு ஓடிவிடும். மற்றது கனத்த சன்னம். எலும்பை உடைத்துக்கொண்டும் சிதறாமல் உள்ளே போகும், ஆனால் துவக்கு உதைக்கிற உதையை ஒப்பரேசன் செய்த உங்கள் வலது தோள் தாங்குமா என்பதுதான் பிரச்சினை. சட்டத்துக்கு இரண்டும் போதும் என்றும் சொன்னீர்கள்.

கடைக்காரர் இலேசானதே காணும் என்றாராம். சிநேகிதர் கனத்ததைத்தான் கொண்டு வா என்று தொலைபேசியில் கத்தினாராம். உங்கள் மகள் ஜூலியா, அப்பா ஒன்றும் வேண்டாம், வீட்டில் இருந்து தொலைக்காட்சி பாருங்கள் என்றா.

பிறகுதான் அந்தக் காட்டுப் பன்றியின் கதையைச் சொன்னீர்கள். மலையில் ஒருநாள் அவசரப்பட்டு வைத்த வெடி வயிற்றில் பட்டு, அது கத்திக்கொண்டே பற்றைக்குள் ஓடிவிட்டது. நாய்களோடு பொழுது பட்டு இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் துவக்கைத் தொடவே இல்லை. "எங்கையோ கிடந்து துடிச்சிருக்கும். எனக்கு ஒரே ஒரு சரியான வெடி வேணும் தங்கச்சி, அதோடை துவக்கை வைச்சிடுவன்" என்றீர்கள். உங்களுக்குத் தேவையாக இருந்தது கொம்பும் இல்லை, இறைச்சியும் இல்லை.

அப்போது நான் கேட்டது ஒன்றுதான். "எதாலை சுட்டால் அது ஓடாது?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்றும் சொன்னேன். என் தம்பி சிவா சூடு பட்ட காலோடு வயல் முழுக்க ஓடின கதையை, அந்தச் சன்னம் இன்னும் அவனுடைய தொடைக்குள் இருக்கிற கதையை, தேங்காய்த் துருவலைக் கிண்டிக்கொண்டே சொல்லி முடித்தேன். நீங்கள் எழும்பிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நான் சாப்பாடு வைக்கிற மேசையில் ஒரு தோட்டாவையும் கண்டதில்லை.

சுட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க ஏலாது என்றீர்கள். ஜூலியா கூட்டிக்கொண்டு போகமாட்டா, உங்களுக்குக் கார் ஓட்டத் தடை. அதனால் என் மனுசன் குணத்தைக் கேட்டேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் கடைச் சமையலறையில் நிற்கிற மனுசன், லீவு நாளில் நித்திரை கொள்ளாமல் உங்கள் காரை ஓட்ட வந்தார். நான் உங்களுக்கு மாத்திரையும் மூன்று பேருக்குச் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மலைக்குப் பக்கத்தில் அந்தச் சுடுகிற இடம். பின்னால் வாங்கில் எங்களை இருத்தி, காதுக்கு மூடியும் தந்தீர்கள். அதை மாட்டினால் நீங்கள் சொல்வது கேட்காது என்று நான் கழுத்தில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன். நீங்கள் துவக்கை இன்னும் உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பக்கத்து வரிசையில் யாரோ ஒருவர் வெடி வைத்தார்.

எப்படி விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. முகம் சீமெந்தில், கை இரண்டும் தலைக்கு மேல். குணத்தை இழுக்க வேண்டும் என்று கையை நீட்டினால், அவர் எனக்கு முதலே விழுந்து படுத்திருக்கிறார்! புட்டும் முட்டைப்பொரியலும் எங்களைச் சுற்றிக் கிடந்தன. பெரிய வயிற்றோடு நின்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்தச் சீமெந்து பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

வேறு யாராவது என்றால் "ஒண்டுமில்லை, எழும்பு" என்று சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்லி எத்தனை பேர் என்னைத் தூக்கி விட்டிருக்கிறார்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு, நான் காலையில்தான் மடிப்புக் கலையாமல் ஸ்திரிக்கை போட்டுத் தந்த காற்சட்டையோடு, மெல்ல மெல்ல இறங்கி எனக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்தீர்கள். கன்னத்தைச் சீமெந்தில் வைத்து என்னைப் பார்த்தீர்கள்.

"தங்கச்சி, இஞ்சை நல்ல குளிர்ச்சியாத்தான் கிடக்கு. அவசரம் இல்லை, ஆறுதலா எழும்புவம்" என்றீர்கள்.

நான் சிரித்தேனா அழுதேனா? இரண்டும்தான் என்று குணம் சொல்கிறார். கடைசியில் உங்களைத் தூக்கி நிறுத்தத்தான் இரண்டு ஆள் தேவைப்பட்டது.

பிறகு நீங்கள் அந்த ஆட்களிடம் போய் என்னவோ கதைத்தீர்கள். அதற்குப் பிறகு அங்கே நின்ற ஒவ்வொருவரும், சுடுவதற்கு முன்னம் எங்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையை உயர்த்திக் காட்டினார்கள். நாங்கள் தலையாட்டிய பிறகுதான் வெடி. நம்புவீர்களோ தெரியாது, அப்படிச் சொல்லிவிட்டு வருகிற சத்தம் வெறும் சத்தம்தான். நெஞ்சு இடித்தது, ஆனால் நான் வாங்கிலேயே இருந்தேன்.

நீங்களும் கை காட்டிவிட்டுச் சுட்டீர்கள். இலேசான தோட்டாவில் எல்லாம் ஓரிடத்தில் பட்டது. கனத்ததில் ஒன்று மேலே, ஒன்று கீழே. உங்கள் முகம் சுருங்கிப்போனது. வரும்போது காரில், "இலேசானதையே கொண்டு போவம், வேறை என்ன செய்யிறது" என்றீர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த மரை ஓடுவது எனக்கு அப்போதே கண்ணுக்குள் தெரிந்தது.

"ஐயா, கோவிக்காதேங்கோ. கனத்ததைச் சுடேக்கை வெடிக்க முதலே தோளைப் பின்னாலை இழுக்கிறியள். நீங்களும் பயப்பிடுறியள்" என்றேன்.

"நானோ? பயமோ?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் குணம் பிரேக் போட்டுவிட்டார். ஒரு பத்துக் கடை தாண்டினோம். பிறகு, "ஓம். நோகும் எண்டு பயம்" என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

நோவுக்குத்தானே பயம், அதற்கு வழி இருக்கிறது. பழைய துவாயை நாலாக மடித்து, நடுவில் பஞ்சை அடைத்து, என் பருத்திச் சேலைத் துண்டால் உறை போட்டு, உங்கள் வேட்டை மேற்சட்டையின் வலது தோளுக்கு உள்ளே பிடித்துத் தைத்தேன். கடையில் இதற்கென்றே விற்கிறார்களாம், நீங்கள் பிறகு சொன்னீர்கள். ஆனாலும் வாங்கவில்லை. அடுத்த கிழமை போய்ச் சுட்டபோது, கனத்த தோட்டா பட்ட இடமெல்லாம் என் உள்ளங்கையால் மறைக்கிற அளவுக்குள் நின்றது. சன்னம் துளைத்த அந்தக் குறிக் கடதாசியை வைத்துக்கொண்டு நீங்கள் கடைத்தெரு முழுக்கக் காட்டினது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களாக்கும்.

அதோடு விட்டீர்களா? துவக்கில் குறி பார்க்கிற கண்ணாடியை அந்தத் தோட்டாவுக்கு ஏற்றபடி திருத்திய பிறகு, அதே தயாரிப்பில் வந்த பெட்டிதான் வேண்டும் என்று கடைக்காரரின் உயிரை எடுத்தீர்கள். நான் கம்பளி நூல் வாங்கும்போது ஒரே சாயத்தில் வந்த பந்தாகத் தேடினால் மட்டும், "எல்லாம் நீலம்தானே" என்று நக்கல் அடிப்பீர்கள்.

நீங்கள் ஸ்வீடன் போன பிறகு நான் வெறும் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சாமிக்கு என்னவென்று நேருவது? ஒரு மிருகம் சாக வேண்டும் என்று நேர முடியுமா? ஓடக்கூடாது என்று மட்டும் கேட்டேன். ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. சுகம் விசாரிக்காமல், வணக்கம் சொல்லாமல், தூரத்திலிருந்து உங்கள் குரல்.

"தங்கச்சி, ஓடேல்லை."

"உண்மையாவோ ஐயா?"

"ஒரே வெடி. நிண்ட இடத்திலையே முழங்காலை மடிச்சு விழுந்திட்டுது. கையைக் காட்டிப்போட்டுத்தான் சுட்டனான். பக்கத்திலை நிண்டவன் ஆருக்குக் கை காட்டுறாய் எண்டு கேட்டவன்."

துடைக்கிற தடியைப் பிடித்தபடி நின்று அழுதேன். நீங்களும் அழுதீர்கள், மறைக்காதேங்கோ.

நீங்கள் கொண்டு வந்த இறைச்சித் துண்டைப் பார்த்து, இது மாட்டுக்கு உறவோ என்று நான் பயந்தது ஒரு கூத்து. மான் சாதிதான் என்று செத்துப்போன உங்கள் மனுசியின் மேல் சத்தியம் செய்தீர்கள். வெள்ளிக்கிழமை சமைக்கமாட்டேன் என்றேன். உங்கள் மனுசியும் அப்படித்தானாம், வெள்ளியில் இறைச்சிச் சட்டியை அடுப்பில் ஏற்ற விடமாட்டாவாம். சனிக்கிழமை மிளகும் தூளும் தூக்கலாகப் போட்டு வறுத்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டீர்கள்.

இப்படி எல்லாவற்றுக்கும் கை காட்டின நீங்கள், இந்த மாசி மாதம் மட்டும் காட்டாமல் போய்விட்டீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தீர்கள். நான் கோப்பி கொண்டு வந்து கூப்பிட்டேன், நீங்கள் எழும்பவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் ஐயா. துக்கமும்தான், ஆனால் கோபம்தான் கூட.

ஜூலியா வீட்டை ஒதுக்கினா. துவக்கையும் மிச்சத் தோட்டாக்களையும் குவெஸ்தூராப் பொலிசில் ஒப்படைத்தாயிற்று. உனக்கு என்ன வேணும், கேள் என்றா. வேட்டை மேற்சட்டை என்றேன். தோளுக்குள் இருந்த என் சேலைத் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. உங்களை அதட்டினதெல்லாம் அன்பில்தான், அது உங்களுக்கும் தெரியும்.

முக்கியமான செய்தியை இனித்தான் சொல்லப்போகிறேன். தம்பி சிவா ஊரிலிருந்து வந்துவிட்டான். போன மாதம்தான். ஒரேத்தோ வீதியில் எங்கள் அறையில் எங்களோடு இருக்கிறான். அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான், சாப்பாடு பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் வெடித்தது. வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் மேசைக்குக் கீழே போய்விட்டான். எல்லாரும், "ஒண்டுமில்லையடா, எழும்பு" என்றார்கள். அவன் எழும்பினான். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை.

இந்த ஊரின் புனிதைக்கு ஆடி மாதத்தில் திருவிழா வரப்போகிறது. கடற்கரை முழுக்க வாணம் விடுவார்கள், யன்னல் எல்லாம் அதிரும். வாணக்காரனுக்குக் கை காட்டத் தெரியாது.

அதனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன் ஐயா. முதல் வெடிக்கு அவன் விழுந்தால், எழும்பு என்று சொல்லமாட்டேன். நல்ல சேலை உடுத்திருந்தாலும் பரவாயில்லை, ஆர் பார்த்தாலும் பரவாயில்லை. நான் போய் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுப்பேன். அவசரம் இல்லை, ஆறுதலாக எழும்புவோம் என்று சொல்வேன்.

உங்கள் சொல்லை இந்த ஒருமுறை கேட்கிற,
உங்கள் தங்கச்சி
செல்வராணி