ஒருவர் எதிர்த்தார்

என் அருமை அக்கா,

உங்கட அமெரிக்கத் தூதுவர் ஒருவழியாகப் புத்தகமாகிறார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, டென்மார்க்கின் இந்த விபோர்க் நகர நூலகத்தில் டேனிஷ் அகராதியோடு மல்லுக்கட்டி அவரைப் பற்றி நீங்கள் எழுதிய ஐந்து கொப்பிகளையும் தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான், அதையும் சொல்லவேண்டும்.

தட்டச்சு செய்யச் செய்யத்தான் அந்த மனுசன் எனக்கும் பிடிபட்டார். வக்கீல், நீதவான், பிறகு காங்கிரஸ் உறுப்பினர். அடிமைகளை வைத்திருந்த மாநிலத்தின் பிரதிநிதி. அவர்களுடைய உள்நாட்டுப் போர் முடிகிற நேரம், அடிமைமுறையை ஒழிக்க வாக்கெடுப்பு வந்தது. அனுப்பிவைத்த சனத்துக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் 'ஓம்' என்றார். அதோடு காங்கிரஸ் ஆசனமும் முடிந்தது. கொப்பன்ஹேகனுக்குத் தூதுவராக வந்தார். கரீபியன் கடலில் டென்மார்க்குக்கு இருந்த தீவுகளை அமெரிக்காவுக்கு வாங்கப் பேசிப் பேசி ஒப்பந்தம் வரைக்கும் கொண்டுபோனார். அதை அவருடைய நாட்டுச் செனட்டே கிடப்பில் போட்டது. திரும்பிப்போய்ச் சட்டம் படிப்பித்தார்.

"தோத்த மனுசனைப் பற்றி ஏனக்கா எழுதுறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆர் சொன்னது தோத்தவர் எண்டு?" ஒரே போடு.

அந்தத் தூதுவரை நீங்கள் தேடிப்போன காரணம் எனக்குத் தெரியும். இலங்கையில், ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், இங்கே யாருடைய வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. எங்களில் ராசன் அண்ணை மட்டும் டேனிஷ் பேப்பருக்கு, அரசாங்கம், புலிகள் இரண்டு பக்கமும் பிழைவிட்டது என்று சொல்லிவிட்டார். இங்குள்ள எங்கள் தமிழ் மன்றம் கூடியது. அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளையும் மன்றம் நடத்துகிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தவேண்டும் என்று தீர்மானம். செயலாளர் நீங்கள்.

எங்கள் மன்றத்தில் கூட்டம் தொடங்க முதலே குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதிவிடுவது வழக்கம். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை. அன்று நீங்கள் அந்தச் சொல்லை வெட்டினீர்கள்.

"தங்கச்சி, ஏகமனதாக எண்டே எழுதும். இண்டைக்கு நாங்கள் பிரிஞ்சு நிக்கேலாது," என்றார் தலைவர்.

"பிள்ளையள் என்ன செய்ததுகள் அண்ணை?" என்று கேட்டுவிட்டு, 'ஒருவர் எதிர்த்தார்' என்று எழுதினீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் பதவி போனது.

அக்கா, அன்று உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவன் நான். காரில் வரும்போதும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

இப்போது செயலாளர் நான். உங்கள் புத்தகத்தை மன்றமே வெளியிடுவதாக இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசிப் பக்கம் வேண்டாம் என்று போன ஞாயிறு தீர்மானம் வந்தது. "பழசைக் கிளறி என்னத்துக்கு, அவவும் கண்ணை மூடிட்டா," என்றார்கள். கைகள் உயர்ந்தன. குறிப்பைப் பார்த்தால், பழக்கதோசத்தில் நானே 'ஏகமனதாக' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்டினேன். 'ஒருவர் எதிர்த்தார்' என்று எழுதி வாசித்தேன்.

பின்வரிசையில் ராசன் அண்ணையின் மூத்தவள் எழுந்தாள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடாத பிள்ளை, தகப்பன் வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "அண்ணை, இருவர் எண்டு எழுதுங்கோ."

தோற்றுத்தான் போனோம். ஆனாலும் உங்கள் தம்பி என்று சொல்ல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நாள் வேறில்லை.

புத்தகத்தை நானே போடுகிறேன் அக்கா, கடைசிப் பக்கத்தோடு. அதன் அடியில் ஒரு வரி சேர்ப்பேன், கோவிக்காதீர்கள்: 'அன்று தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் இதை எழுதியவரின் தம்பியும் ஒருவர்.'

பக்கத்துக் கதிரையில் இருந்த,
உங்கள் தம்பி